எஸ்.டி.பி. கசடை வயலில் போடலாமா? கன உலோகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்தை ஒட்டிய ஊர்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "தொழுவுரம் விற்கிற விலைக்கு வாங்க முடியாது. சுத்திகரிப்பு நிலையத்தில் காய்ந்த கசடு கிடக்கிறது. லாரி வாடகை கொடுத்தால் போதும், தோட்டத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள்." மண் மாதிரிப் பையோடு பரிசோதனைக்கு வருகிறவர்கள் என்னிடம் இதைப் பற்றிக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கணக்குகளில் வரும் மி.கி. (மில்லிகிராம்) எல்லாம் ஒரு கிலோ காய்ந்த மண்ணில் அல்லது காய்ந்த கசடில் இருக்கும் அளவு.

இந்தக் கசடு என்பது என்ன? சாக்கடை மண்ணா?

இல்லை. பாதாளச் சாக்கடையில் வரும் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் (எஸ்.டி.பி. என்று எல்லோரும் சொல்வது) தெளிய வைக்கிறார்கள். அடியில் தங்குவதும், நுண்ணுயிர்கள் தின்று பெருகித் திரண்டதும் சேர்ந்ததுதான் கசடு. அதை மணல் பாத்தியில் பரப்பிக் காய விடுவார்கள். நல்ல வெயில் காலத்தில் பார்த்தால் வறண்ட ஏரி போலப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புகளில் தக்காளிச் செடி தானாக முளைத்து நிற்கும். ஊரார் தின்ற தக்காளியின் விதை வயிற்றையும் தாண்டி, சுத்திகரிப்பையும் தாண்டி வந்து முளைத்திருக்கிறது. அந்தச் செடியின் செழிப்பைக் காட்டித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

போட்ட வருஷம் சோளம் ஆள் உயரம் வந்தது. நல்ல எருதானே?

எருதான், அதில் சந்தேகமில்லை. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தொழுவுரத்தைவிட அதிகமாகவே இருக்கும். சாம்பல் சத்து மட்டும் தண்ணீரோடு போய்விடுவதால் குறைவு. மண் பொலபொலவென்று ஆகும், ஈரம் பிடிக்கும். அமெரிக்காவில் மில்வாக்கி நகரம் தன் கசடை மில்ஆர்கனைட் என்று பெயர் வைத்து 1926 முதல் மூட்டையில் விற்றுவருகிறது. ஆகவே கசடு என்றாலே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் வருஷத்துச் சோளத்தை வைத்து முடிவு கட்ட முடியாது என்று மட்டும்தான் சொல்கிறேன். தழைச்சத்து அந்தப் போகத்திலேயே கண்ணுக்குத் தெரியும். கசடில் வரும் காட்மியம் என்ற நச்சுக் கன உலோகம் அப்படித் தெரியாது.

வீட்டுக் கழிவுதானே? அதில் உலோகம் எங்கிருந்து வருகிறது?

வீட்டிலிருந்தும் வருகிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டில் துத்தநாகமும் தாமிரமும் உண்டு, உடம்பு எடுத்தது போக மீதி வெளியே போகிறது. ஜி.ஐ. குழாய் கரைந்து துத்தநாகம் தருகிறது. பழைய பெயின்ட்டும் சாலைத் தூசியும் ஈயத்தைச் சேர்க்கின்றன. பல் ஆஸ்பத்திரியில் அடைக்கும் வெள்ளிக் கலவையில் பாதரசம் இருக்கிறது.

கனமான பங்கு பட்டறைகளுடையது. முலாம் பூசும் பட்டறை, பேட்டரிக் கடை, சாயப் பட்டறை, தோல் தொழிற்சாலை என்று பட்டியல் நீளும். நகைக்கடைப் பலகையில் 'கே.டி.எம்.' என்று பார்த்திருப்பீர்கள். அது காட்மியத்தைக் குறிப்பது. பொன்னைப் பற்றவைக்கக் காட்மியம் கலந்த பொடியைப் பயன்படுத்தினார்கள். புகை பொற்கொல்லரின் நுரையீரலைக் கெடுத்ததால்தான் அந்த முறை கைவிடப்பட்டது. இப்படிப் பட்டறைத் தண்ணீர் எதுவானாலும், அனுமதியோடோ திருட்டுத்தனமாகவோ பாதாளச் சாக்கடையில் விட்டால் அதிலிருக்கும் உலோகத்தில் பெரும்பகுதி கசடில்தான் போய் உட்காரும். சுத்திகரிப்பு நன்றாக நடக்க நடக்கத் தண்ணீர் சுத்தமாகும், கசடு கனமாகும்.

அதனால் கசடு கொடுக்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்த நிலையத்துக்கு எந்தெந்தப் பகுதிச் சாக்கடை வருகிறது என்பதுதான். வீடுகள் மட்டும் உள்ள புறநகரின் கசடும், பட்டறைத் தெருக்கள் உள்ள நகரத்தின் கசடும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வேறு வேறு பொருட்கள். தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு என்றால் பேச்சே வேண்டாம். அது அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருவது, வயலுக்கு வரவே கூடாது.

ஒரு லோடில் அப்படி எவ்வளவு சேர்ந்துவிடும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஓர் ஏக்கரில் மேல் ஆறு அங்குல மண் சுமார் 8 லட்சம் கிலோ இருக்கும். 6 டன் லோடில் பாதி தண்ணீர் என்று வைத்தால் காய்ந்த கசடு 3 டன்.

கசடில் காட்மியம் கிலோவுக்கு 5 மி.கி. என்றால் ஒரு லோடில் 15 கிராம். அதை 8 லட்சம் கிலோ மண்ணில் கலந்தால் கிலோவுக்கு 0.02 மி.கி. கூட வராது. ஐம்பது லோடு போட்டால்தான் 1 மி.கி.யை நெருங்கும். ஐரோப்பிய ஒன்றியம் கசடு போடும் மண்ணுக்கு வைத்திருக்கும் காட்மிய வரம்பு 1 முதல் 3 மி.கி. வரை.

இப்போது அதே லோடு, முலாம் பட்டறைகள் நிறைந்த ஊரிலிருந்து வருகிறது, காட்மியம் 40 மி.கி. என்று வையுங்கள். ஒரு லோடுக்கு 120 கிராம். ஏழே லோடில் அதே 1 மி.கி. வந்துவிடும். ஒருவர் பதினைந்து வருஷம் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பார், இன்னொருவருக்கு மூன்று வருஷத்திலேயே மண் கெட்டிருக்கும். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

நாலு மழை பெய்தால் கரைந்து கீழே போய்விடாதா?

எல்லோரும் நம்புவது இதைத்தான். உப்பு கரையும், நைட்ரேட் கரையும். இந்த உலோகங்கள் களிமண்ணையும் மக்கையும் இரும்பு ஆக்ஸைடையும் பிடித்துக்கொண்டு உழவு ஆழத்திலேயே நிற்கும்.

இதற்கு உலகத்திலேயே நல்ல சாட்சி இங்கிலாந்தில் வோபர்ன் என்ற ஊரில் இருக்கிறது. ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணை அது. அங்கே 1942-இல் காய்கறிச் சாகுபடிக்கு எந்த எரு நல்லது என்று பார்க்கச் சாதாரணமாக ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சில பாத்திகளுக்குத் தொழுவுரம், சிலவற்றுக்கு ரசாயன உரம், சிலவற்றுக்கு லண்டனின் மேற்குப் பகுதியிலிருந்து வந்த கசடு. 1961-இல் கசடு போடுவதை நிறுத்திவிட்டார்கள். உலோகத்தைப் பற்றி அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சோதனையின் நோக்கமும் அதுவல்ல.

இருபது வருஷம் கழித்து 1980-களில் அந்த மண்ணை மறுபடி எடுத்துப் பார்த்தால், போட்ட உலோகத்தில் பெரும்பகுதி அப்படியே மேல்மண்ணில் இருந்தது. மழைக்குப் பஞ்சமில்லாத நாடு, மணற்பாங்கான மண், இருந்தும் போகவில்லை. சுற்றிலும் கொஞ்சம் பரவியிருந்தது என்றால் அது கலப்பை இழுத்துக்கொண்டு போனதுதான்.

அதைவிட ஆச்சரியம் அந்தப் பாத்திகளில் தீவனத்துக்கு விதைத்த குளோவர். இது நம் பயறு வகைக்குச் சொந்தக்காரச் செடி, வேர் முடிச்சில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும். தொழுவுரப் பாத்தியில் பச்சையாக நின்றது. பழைய கசடுப் பாத்தியில் மஞ்சள் அடித்துக் குட்டையாக நின்றது. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சுகள் இருந்தன, ஆனால் சிறிதாக, வெளுப்பாக. வேர் முடிச்சில் தழைச்சத்தைப் பிடித்துத் தருவது ரைசோபியம் என்ற நுண்ணுயிர். அதில் வேலை செய்யும் வகைகள் அந்த மண்ணில் செத்துப்போய், முடிச்சு போடத் தெரிந்தும் தழைச்சத்துப் பிடிக்கத் தெரியாத ஒரு வகை மட்டும் தங்கியிருந்தது. நல்ல ரைசோபியத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்துப் பார்த்தார்கள், சில மாதங்களில் அதுவும் இல்லாமல் போனது.

இத்தனைக்கும் அந்த மண்ணின் உலோக அளவு ஐரோப்பிய வரம்பை ஒட்டித்தான் இருந்தது. வரம்பு போட்டவர்கள் மனிதன், மாடு, பயிர் என்று பார்த்தார்கள், மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிரைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்த வாதம்தான் 1990-களில் பிரிட்டனில் மண்ணுக்கான துத்தநாக வரம்பை 300-லிருந்து 200 மி.கி.க்குக் குறைக்கும் பரிந்துரை வரைக்கும் போனது.

உங்கள் நிலத்தில் இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். உளுந்தோ நிலக்கடலையோ பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேர் முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் ஏதோ சரியில்லை. உலோகம்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. தண்ணீர் தேங்கினாலும், தழைச்சத்து உரம் கூடினாலும் இப்படி ஆகும்.

எந்தப் பயிர் உலோகத்தை அதிகம் எடுக்கும்?

உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். ஈயமும் குரோமியமும் வேரைத் தாண்டி மேலே ஏறுவது அரிது. தாமிரம், துத்தநாகம், நிக்கல் மிஞ்சினால் மனிதனுக்கு முன்னால் செடியே படுத்துவிடும், விளைச்சலே எச்சரிக்கை மணி. காட்மியத்தில்தான் ஆபத்து. செடி பச்சைப்பசேல் என்று நிற்கும்போதே உள்ளே சேர்ந்துகொண்டிருக்கும்.

கீரை வகைகள் முதலிடம். பாலக், லெட்டூஸ் மாதிரி இலையைச் சாப்பிடும் எதுவும் அப்படித்தான். அடுத்து வேர், கிழங்கு. தானியத்தில் குறைவு, பழ மரங்களில் அதைவிடக் குறைவு. புகையிலை காட்மியத்தை இழுப்பதில் பெயர் பெற்றது.

நெல்?

நெல்லின் கதை தனி. வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று இருக்காது. அப்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து முடங்கிக் கிடக்கும். தண்ணீரை வடித்து வயலைக் காயவிட்டதும் விடுபட்டு வேருக்குக் கிடைக்கும். ஜப்பானில் காட்மியம் உள்ள வயல்களில் கதிர் வரும் சமயத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று வாரம் தண்ணீர் நிறுத்தச் சொல்வது இதனால்தான். ஆனால் ஆர்செனிக் இருந்தால் கதை தலைகீழ், தேங்கிய நீரில்தான் அது கிளம்பும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறை தண்ணீரை மிச்சப்படுத்தும், ஆர்செனிக்கைக் குறைக்கும், காட்மியத்தைக் கூட்டும். எது உங்கள் மண்ணில் இருக்கிறது என்று தெரியாமல் எதையும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

ஜப்பானியர்கள் இதில் இவ்வளவு கவனமாக இருப்பதற்குக் காரணம் ஜின்சூ ஆற்றுப் பாசனம். அங்கே வந்தது கசடு அல்ல, மேலே இருந்த கமியோகா சுரங்கத்தின் காட்மியம் ஆற்று நீரோடு வயலுக்கு வந்தது. பல வருஷம் அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு, முக்கியமாகப் பிள்ளை பெற்ற வயதான பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்பு நொறுங்கியது. வலி தாங்காமல் 'இதாய், இதாய்' என்று அலறியதே நோயின் பெயரானது. 1968-இல் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. மேல்மண்ணை மாற்றி வயல்களை மீட்கும் வேலை 2012 வரை நடந்தது.

நன்றாகக் கழுவிச் சமைத்தால் போகாதா?

மேலே ஒட்டிய மண் போகும், அதோடு ஈயத்தில் பெரும்பகுதியும் போகும். இலைக்குள் ஏறிய காட்மியம் போகாது. கொதித்தாலும் உலோகம் உலோகம்தான்.

மாட்டுக்குப் புல் போடலாமா?

மதுரை அவனியாபுரம் போன்ற இடங்களில் கழிவுநீர்ப் பண்ணையில் தீவனப்புல் வளர்த்தது பழைய வழக்கம். காட்மியம் மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும், பாலில் வருவது மிகக் குறைவு. புல்லைவிடப் புல்லோடு வாய்க்குள் போகும் மண்தான் பெரிய வழி. அதனால் கசடு தூவிய உடனே மேயவிடக் கூடாது. ஐரோப்பிய விதியில் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி. செம்மறியாடு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாடு தாங்கும் தாமிரத்தைச் செம்மறி தாங்காது.

கம்போஸ்ட் ஆக்கினால்? மண்புழு உரம் ஆக்கினால்?

கிருமி சாகும், நாற்றம் போகும், கையாள எளிதாகும். உலோகம் போகாது. உண்மையில் அளவு கூடும். 100 கிலோ கசடு மக்கி 60 கிலோ ஆனால் அதே காட்மியம் 60 கிலோவுக்குள் நெருங்கி நிற்கிறது. தென்னை நார்க்கழிவோ வைக்கோலோ கலந்தால் எண் குறைந்து காட்டும், அது நீர்த்துப்போனதே தவிர நீங்கியதல்ல. மண்புழு தன் உடம்பில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். அந்தப் புழுவைக் கோழிக்கோ மீனுக்கோ போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செப்டிக் டேங்க் லாரிக்காரர் தென்னந்தோப்பில் விடட்டுமா என்று கேட்கிறார். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அதில் பட்டறைத் தண்ணீர் கலப்பதில்லை, ஆகவே உலோகம் பொதுவாகக் குறைவு. பிரச்சினை வேறு: குடற்புழு முட்டை, நோய்க் கிருமி. பச்சையாக வயலில் விடுவது சட்டப்படியும் தப்பு, பக்கத்துக் கிணற்றுக்கும் கேடு. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் செய்வதுபோல் தனி நிலையத்தில் பதப்படுத்தி வந்தால் அது வேறு.

எவ்வளவு வரை போகலாம்?

நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985-இல் நகரக் கம்போஸ்ட்டுக்கு வரம்பு இருக்கிறது. காட்மியம் 5, ஈயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50, தாமிரம் 300, துத்தநாகம் 1,000, ஆர்செனிக் 10, பாதரசம் 0.15 மி.கி. இதைத் தாண்டிய கம்போஸ்ட்டை உணவுப் பயிருக்குப் போடக் கூடாது என்பது திடக்கழிவு விதிகள், 2016 சொன்னது. கசடு என்று வந்தாலும் நான் கையில் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்.

அமெரிக்காவின் 1993 விதியில் தாராளமாகப் பயன்படுத்தத்தக்க கசடுக்கே காட்மியம் 39, ஈயம் 300 வரை விட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவின் 1986 உத்தரவில் காட்மியம் 20 முதல் 40. காட்மியத்தில் எட்டு மடங்கு வரை இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்து யார் சொல்வது சரி என்று கேட்பார்கள். ஐரோப்பியர்கள் கசடில் எவ்வளவு என்பதோடு நிறுத்தவில்லை. மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவு என்றும் கட்டினார்கள். காட்மியத்துக்கு ஹெக்டேருக்கு வருஷம் 150 கிராம், பத்து வருஷச் சராசரியாக. ஏக்கருக்கு 60 கிராம். மேலே சொன்ன முலாம் பட்டறை ஊரின் ஒரே லோடு இதைப்போல் இரண்டு மடங்கு. ஸ்விட்சர்லாந்து 2006-இலிருந்து விவசாயத்தில் கசடையே நிறுத்திவிட்டது.

மண்வள அட்டையில் எல்லாம் சரி என்று வந்திருக்கிறதே?

அட்டையில் பன்னிரண்டு விவரம் இருக்கும். துத்தநாகம், தாமிரம் உண்டு, ஆனால் அங்கே பார்ப்பது பற்றாக்குறையைத்தான். காட்மியம், ஈயம், நிக்கல், குரோமியம் அட்டையில் கிடையாது. அதற்கு மண்ணை அமிலத்தில் கரைத்து ஏ.ஏ.எஸ். அல்லது ஐ.சி.பி. என்ற உலோகம் அளக்கும் கருவியில் பார்க்க வேண்டும். 'கன உலோகம், மொத்த அளவு' என்று தனியாகக் கேட்டுக் கொடுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த மண்ணில் துத்தநாகம் எகிறிக் காட்டியது. விசாரித்தால், பத்து இடத்து மண்ணையும் துத்தநாகத் தகட்டு வாளியில் போட்டுக் கலக்கியிருக்கிறார். பிளாஸ்டிக் வாளியும் துருவில்லாத எவர்சில்வர் கரண்டியும் போதும். கசடு கொட்டிக் குவித்த இடத்தில் எடுக்காதீர்கள். பரப்பிய இடத்தில் பத்துப் பதினைந்து குழி, ஆங்கில 'வி' வடிவத்தில் ஆறு அங்குலம். கசடு போடாத பக்கத்து வரப்போரத்திலிருந்தும் ஒரு மாதிரி தனியாக எடுங்கள். அது இல்லாவிட்டால் வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது?

ஏற்கெனவே நிறையப் போட்டுவிட்டேன். என்ன செய்வது?

முதலில் நிறுத்துங்கள். அப்புறம் மண்ணின் கார அமிலத் தன்மையைப் பாருங்கள். புளிப்பு மண்ணில் காட்மியம், துத்தநாகம், நிக்கல் எல்லாம் அவிழ்ந்து வேருக்குக் கிடைக்கும். நீலகிரி மாதிரி மண்ணென்றால் சுண்ணாம்பு போட்டு பி.எச். அளவை 6.5-க்கு மேல் வையுங்கள். கோவைப் பக்கத்துச் சுண்ணாம்புக் கரிசலுக்கு அந்த வேலை இயற்கையே செய்திருக்கிறது. தொழுவுரத்தை விடாமல் போடுங்கள். கீரையை விட்டுவிட்டு தென்னை, பருத்தி, மரப்பயிர் என்று மாறுங்கள்.

செடி வளர்த்து உலோகத்தை உறிஞ்சி எடுப்பதைப் பற்றி நிறைய வீடியோ வருகிறது. கடுகு, சூரியகாந்தி என்பார்கள். கணக்கைப் பாருங்கள்: ஓர் ஏக்கரில் காட்மியத்தை 2-லிருந்து 1 மி.கி.க்குக் குறைக்க 800 கிராம் வெளியே எடுக்க வேண்டும். கிலோவுக்கு 5 மி.கி. காட்மியம் ஏறிய செடி 4 டன் காய்ந்த எடை வந்தாலும், ஒரு போகத்தில் போவது 20 கிராம். நாற்பது போகம். அறுத்த செடியை வேறெங்கே கொட்டுவது என்பது தனிப் பிரச்சினை.

பாரிஸுக்கு வெளியே பியர்லே சமவெளியில் நூறு வருஷம் நகரத்தின் சாக்கடைத் தண்ணீரை விட்டுக் காய்கறி விளைவித்தார்கள். கடைசியில் உலோகம் மிஞ்சி, சுமார் 2000-இல் காய்கறிக்குத் தடை வந்தது. இப்போது அங்கே மரம் நட்டுக் காடாக்குகிறார்கள்.

ரசாயன உரத்தில் மட்டும் உலோகம் இல்லையா?

இருக்கிறது. பாஸ்பேட் பாறையோடு காட்மியம் வரும். அதனால்தான் ஐரோப்பா 2022 முதல் பாஸ்பேட் உரத்துக்கும் காட்மிய வரம்பு வைத்தது. கோழி எருவிலும் தீவனத்தில் சேர்க்கும் துத்தநாகமும் தாமிரமும் வரும். அதற்காக லோடு லோடாகக் கசடு போடலாம் என்று ஆகாது, எல்லாம் ஒரே மண்ணில்தான் சேர்கிறது.

நிலம் வாங்கப் போகிறேன். முன்னால் கசடு போட்டார்களா என்று எப்படித் தெரியும்?

பட்டாவிலும் தெரியாது, வில்லங்கச் சான்றிதழிலும் வராது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், லாரி வந்து போனதை அவர் மறந்திருக்க மாட்டார். சந்தேகம் இருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மண்ணைப் பரிசோதியுங்கள்.

உங்கள் தோட்டம் என்றால் போடுவீர்களா?

வீடுகள் மட்டும் உள்ள பகுதியின் கசடு, கையில் அந்தக் குவியலுக்கே உரிய பரிசோதனை அறிக்கை, எண்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்புக்குள் என்றால், தென்னைக்குப் போடுவேன். கீரைப் பாத்திக்குப் போட மாட்டேன். எந்தத் தேதி, எந்த நிலையம், எத்தனை லோடு, எந்த வயல் என்று ஒரு நோட்டில் எழுதி, அறிக்கையையும் அதிலேயே ஒட்டி, நிலப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைப்பேன். அறிக்கை கேட்டதும் லாரிக்காரர் "அதெல்லாம் எதுக்குண்ணா" என்று இழுத்தால், வாடகையை மிச்சம் பிடித்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவேன்.